சொந்தக் கணினியிலேயே அனுமதி மறுப்பா? வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்ததைத் தொடர்ந்து புதிய கணினிக்கோ புதிய இயங்குதளத்துக்கோ மாறிய வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வெவ்வேறு என்றாலும் உள்ளே இருக்கும் மனக்குறை ஒன்றுதான்: என் பணத்தில் வாங்கிய கணினி, நான் எடுத்த படம், நான் எழுதிய கணக்கு, அதைத் திறக்க எனக்கே அனுமதி இல்லை என்கிறதே! இந்த மனக்குறை நியாயமானது. ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்து நிற்கும் பெட்டி, மறுப்பது யார், எதற்காக, யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்ற மூன்றையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அது சொல்லாமல் விட்டதை இந்தப் பக்கத்தில் இயன்றவரை சொல்ல முயல்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): என் பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டது. கடைக்காரர் அதன் வன்தட்டை வெளியே எடுத்து, யூஎஸ்பியில் செருகக்கூடிய ஓர் உறைக்குள் போட்டுக் கொடுத்தார். விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியில் செருகினால் தட்டு தெரிகிறது, என் பெயரிலுள்ள கோப்புறையும் தெரிகிறது. சொடுக்கினால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது. மகளின் முதல் பிறந்தநாள் தொடங்கி எடுத்த படங்களும், காலமான என் மாமியாரின் படங்களும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு கணினிகளிலும் என் பெயரும் மறைச்சொல்லும் ஒன்றேதான். பிறகு ஏன் என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை?

பதில்: படங்கள் எங்கும் போய்விடவில்லை, அம்மா. கோப்புறையின் பெயர் தெரிந்து, திறப்பதற்கு மட்டும் தடை இருந்தால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். தட்டை ‘ஃபார்மேட்’ செய்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; அப்படிச் செய்தால்தான் படங்கள் போகும்.

விண்டோஸ் உங்களை உங்கள் பெயரைக் கொண்டு அறிவதில்லை. ஒரு கணக்கைத் தொடங்கும் நேரத்திலேயே அது அந்தக் கணக்குக்கு எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. பெயர் என்பது நாம் படிப்பதற்காக அந்த எண்ணின்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. பழைய கணினி உங்களுக்குக் கொடுத்த எண் வேறு, புதிய கணினி கொடுத்த எண் வேறு. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் தட்டில் ஒவ்வொரு கோப்பும் தன் உரிமையாளர் யார், யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற பட்டியலைத் தன்னுடனேயே சுமந்துகொண்டிருக்கும். தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அந்தப் பட்டியல் கூடவே வரும். கோப்புறையின்மேல் வலப்பக்கம் சொடுக்கி, ‘புராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘செக்யூரிட்டி’ என்ற பக்கத்தைப் பார்த்தீர்களானால், அறியப்படாத கணக்கு என்ற குறிப்புடன் ஒரு நீண்ட எண் நிற்பதைக் காணலாம். பலர் அதைப் பார்த்து வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்டதாக அஞ்சுகிறார்கள். அந்த எண், பழைய கணினியில் இருந்த நீங்கள்தான்.

இனிச் செய்ய வேண்டியது. தடை சொல்லும் பெட்டியிலேயே ‘கன்டினியூ’ என்ற பொத்தான் இருக்கும்; முதலில் அதை அழுத்துங்கள். உங்கள் புதிய எண்ணை அந்தக் கோப்புறையின் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்க விண்டோஸ் முயலும். பல்லாயிரம் படங்கள் இருந்தால் பச்சைக் கோடு மிக மெதுவாக நகரும். நின்றுவிட்டது என்று எண்ணித் தட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும். ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்ட்’ என்பதை அழுத்தினால் மேலே ‘ஓனர்’ என்ற வரி தெரியும். அதன் பக்கத்திலுள்ள ‘சேஞ்ச்’ என்பதைச் சொடுக்கி, உங்கள் இப்போதைய கணக்கின் பெயரைக் கொடுத்து, உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் இதே உரிமையாளரை வைக்கும்படி கேட்கும் சிறு கட்டத்தில் குறியிட்டு, ஏற்றுக்கொள்ளுங்கள். பெட்டியை மூடி மீண்டும் திறந்து, அதே இடத்தில் ‘ஆட்’ என்பதன் வழியாக உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்து, படிக்கும் அனுமதியைக் கொடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உரிமை மாற்றத்தை உங்கள் பெயரிலுள்ள கோப்புறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் கணினியின் ‘விண்டோஸ்’ கோப்புறையில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. அங்குள்ள கோப்புகளுக்கு உரிமையாளராக மனிதர் எவரையும் வைக்காமல், ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற விண்டோசின் சொந்தச் சேவையை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நாம் அறியாமல் ஓடும் தீய நிரல் ஒன்று நம் பெயரைப் பயன்படுத்தி அவற்றை மாற்றிவிடக் கூடாது. அடுத்து, திறந்ததும் படங்களை வெட்டி எடுக்காமல் புதிய கணினிக்கு நகலெடுங்கள். புதிய இடத்தில் உருவாகும் நகல் அந்த இடத்தின் அனுமதிகளையே ஏற்றுக்கொள்ளும் என்பதால், இனி உங்களைத் தொல்லை செய்யாது. பழைய தட்டும் ஒரு காப்பாக அலமாரியில் இருக்கும்.

உங்கள் தட்டு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால், அது அனுமதிச் சிக்கல் அன்று. பிட்லாக்கர் என்ற மறையாக்கம், அதாவது திறவுகோல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தட்டில் உள்ளதை உருமாற்றி வைக்கும் பூட்டு. உரிமையை எத்தனை முறை மாற்றினாலும் அது திறக்காது. பழைய கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அந்தக் கணக்கின் பக்கத்தில் மீட்பு எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல்: எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த வெளித்தட்டில் இப்போதே நகலெடுத்து வைத்துக்கொண்டால், அந்த முறை அனுமதிப் பட்டியல் எதையும் சேமிப்பதில்லை என்பதால், எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதும் அதனுடன் சேர்ந்தே வரும். வங்கி ஆவணங்களை அதில் வைக்காதீர்கள்.

கேள்வி (சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் வாசகர்): பூசைப் பொருள் கடை நடத்துகிறோம். பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பழைய கணக்கு நிரலைப் புதிய கணினியில் போட்டோம். முன்பு நானும் தம்பியும் ஒரே விண்டோஸ் பயனர் கணக்கில் வேலை செய்தோம்; இப்போது ஆளுக்கொரு பயனர் கணக்கு. நிறுவிக் கொடுத்தவர் சொன்னபடி நான் ஒவ்வொரு முறையும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்கிறேன். தம்பி சும்மா சொடுக்கித் திறக்கிறார். நான் போட்ட பில் அவருக்குத் தெரியவில்லை, அவர் போட்டது எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும் மனக்கசப்பே வந்துவிட்டது. நிரல் கெட்டுவிட்டதா? மேலும், நானே நிர்வாகியாக இருக்கும்போது, அனுமதிக்கலாமா என்று என்னையே ஒவ்வொரு தடவையும் கேட்பது ஏன்?

பதில்: தம்பி பில்லை அழித்துவிட்டார் என்றோ போடாமல் விட்டார் என்றோ நினைக்க வேண்டாம். இரண்டு பேர் போட்டதும் பத்திரமாக இருக்கிறது; இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

உங்கள் நிரல் பழைய 32 பிட் நிரல். அந்தக் காலத்து நிரல்கள் தம் கணக்குக் கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே எழுதிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டிலும் கடையிலும் ஏறக்குறைய எல்லாரும் முழு அதிகாரத்துடனேயே உலவியதால் அது யாரையும் உறுத்தவில்லை. 2007ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஆனால் பழைய நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாட்டையும் செய்தது: பூட்டிய கோப்புறையில் எழுத முயலும் பழைய நிரலிடம் முடியாது என்று சொல்லாமல், எழுதுவதை வாங்கி, அந்தந்தப் பயனரின் சொந்தப் பகுதியில் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்தில் வைத்துவிடும். நிரலோ தான் உரிய இடத்தில்தான் எழுதினோம் என்று நம்பிக்கொண்டிருக்கும். நீங்கள் நிர்வாகி அதிகாரத்துடன் திறப்பதால் உங்கள் பில் உண்மையான கோப்பில் சேர்கிறது. தம்பி அப்படித் திறக்காததால் அவருடைய முதல் பில் அன்றே அவருக்கென ஒரு நகல் உருவாகி, அன்றிலிருந்து அவர் அந்த நகலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். இருந்தாலும், இப்படி ஒன்று நடக்கிறது என்று ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டியிருந்தால் அண்ணன் தம்பிக்குள் கசப்பு வந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்றிரவு கடை சாத்திய பிறகு நிரலை இருவரும் மூடிவிடுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் நிரலின் கோப்புறையைத் தேதியிட்டு ஒரு வெளித்தட்டில் நகலெடுங்கள். பிறகு தம்பியின் கணக்கில் நுழைந்து, மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ கோப்புறையில் ‘லோக்கல்’, அதனுள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்று போய், அங்கிருப்பதையும் தனியாக நகலெடுங்கள். சிங்கப்பூரில் வணிகக் கணக்குகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமை நமக்கு இருப்பதால், இந்த இரண்டு நகல்களும் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒன்றன்மேல் மற்றொன்றைப் போட்டு மூடினால் ஒருவருடைய பில்கள் அடியோடு போய்விடும். இரண்டையும் இணைக்கும் வசதி நிரலில் இருந்தால் நல்லது. இல்லையேல், யாருடைய பில்கள் குறைவோ அவற்றை அச்சிட்டு, மற்றவருடைய கோப்பில் கையால் பதிவதுதான் பத்திரமான வழி. ஓர் இரவு வேலைதான்.

இது மீண்டும் நேராமல் இருக்க, நிரலை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்கு வெளியே, ‘சி’ தட்டில் அதற்கென்றே உருவாக்கிய கோப்புறையில் நிறுவுங்கள். அந்தக் கோப்புறையின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து, ‘மாடிஃபை’ என்ற அளவுக்கு அனுமதி கொடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ வேண்டாம்; அனுமதிப் பட்டியலையே திருத்தும் அதிகாரம் அதில் அடங்கும், பில் போடுவதற்கு அது தேவையில்லை. இதற்குப் பிறகு நீங்களும் சும்மா சொடுக்கியே திறக்கலாம், கேள்வி வராது.

நிர்வாகியிடமே ஏன் கேட்கிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிர்வாகியாக நீங்கள் நுழையும்போது விண்டோஸ் உங்களுக்கு இரண்டு சீட்டுகளை ஆயத்தம் செய்கிறது. ஒன்றில் சாதாரணப் பயனரின் அதிகாரம், மற்றொன்றில் முழு அதிகாரம். நீங்கள் திறக்கும் உலாவி, மின்னஞ்சல், கணக்கு நிரல் எல்லாவற்றுக்கும் முதல் சீட்டைத்தான் கொடுக்கிறது. நிரல் ஒன்று இரண்டாவது சீட்டைக் கேட்கும்போதுதான் திரை மங்கி, ‘ஆம், இல்லை’ என்ற பெட்டி வருகிறது. தெம்பனிஸ் வாசகியின் தட்டில் நிர்வாகிகள் குழுவுக்கு அனுமதி இருந்தும், நிர்வாகியான அவருக்குத் திறக்காததற்குக் காரணமும் இதுவே. திரை மங்குவதும் அலங்காரத்துக்காக அன்று. அந்த நேரத்தில் நீங்கள் காண்பது தனியான ஒரு திரை; அங்கே வேறு நிரல் எதுவும் புகுந்து உங்களுக்குப் பதிலாக ‘ஆம்’ என்பதை அழுத்த முடியாது. ஆகவே கேள்வி உங்களை நோக்கி வந்தாலும் ஐயம் உங்கள்மேல் இல்லை. உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்மேல். ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடன் மட்டுமே இயங்க வேண்டும் என்று ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். அது வீட்டுக் கணினிக்கு வந்து சேர 30 ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது.

விஸ்டாவில் இந்தப் பெட்டி அளவுக்கு மீறி வந்ததால் மக்கள் சலித்துப்போனது உண்மை. 2009ல் வந்த விண்டோஸ் 7, பெட்டி எந்த அளவுக்கு வர வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்க, நான்கு படிகள் கொண்ட ஒரு நகர்த்தியைக் கொடுத்தது. அது இன்றும் இருக்கிறது. அதைக் கடைசிப் படிக்கு இறக்கிவிடச் சொல்லும் நண்பர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். கடையின் பணமும் கணக்கும் இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் தமிழாசிரியை): பழைய பயிற்சித்தாள்களில் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களைப் புதிய கணினியில் நிறுவினேன். வேர்டில் தெரிகின்றன, ஆனால் நான் பயன்படுத்தும் பழைய வடிவமைப்பு நிரலில் தெரியவில்லை. லதா எழுத்துருவையும் காணவில்லை.

பதில்: எழுத்துருக் கோப்பின்மேல் வலப்பக்கம் சொடுக்கினால் இரண்டு வழிகள் இருக்கும். வெறுமனே ‘இன்ஸ்டால்’ என்றால் எழுத்துரு உங்கள் கணக்குக்குள் மட்டும் வைக்கப்படும். அதற்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் வழி பக்கத்திலேயே கேடயக் குறியுடன் இருக்கும். அது ‘விண்டோஸ்’ கோப்புறையின் பொது எழுத்துருப் பகுதியில் வைக்கும் என்பதால் அனுமதி கேட்கும். பழைய நிரல்கள் சில பொதுப் பகுதியை மட்டுமே பார்க்கும். ஆகவே எழுத்துருவை நீக்கிவிட்டு, இரண்டாவது வழியில் மீண்டும் நிறுவுங்கள். லதாவும் விஜயாவும் இப்போது விண்டோசுடன் தாமாக வருவதில்லை. ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். இதற்கும் நிர்வாகி அனுமதி வேண்டும். கணினி பள்ளியுடையது என்றால் பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம், தொகுப்பின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ‘தமிழ் எழுத்து வரவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் விசைப்பலகையைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர், ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை மின்பணியாளர்): விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டேன். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை இணைத்தால் அனுமதி இல்லை என்றது. 777 என்று கொடுத்தால் எல்லாம் திறந்துவிடும் என இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கட்டளையைத் தட்டும்போது சாய்கோட்டுக்குப் பிறகு தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நெடுநேரம் ஏதோ ஓடியது. இப்போது, முழு அதிகாரத்துடன் ஒரு வேலையைச் செய்ய உதவும் ‘சூடோ’ கட்டளையே வேலை செய்ய மறுக்கிறது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்த பிறகு எப்படி ஐயா மறுக்கும்?

பதில்: அந்த ஓர் இடைவெளிதான் காரணம். லினக்சில் தனியாக நிற்கும் சாய்கோடு என்றால் முழுத் தட்டு. ஒரு பலகைக்குக் கொடுக்க நினைத்த அனுமதியைத் தட்டிலுள்ள அத்தனைக்கும் கொடுத்துவிட்டீர்கள். உங்களைப் போல் கவனமாக வேலை செய்தவருக்கே இது நேர்ந்திருப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்சின் அனுமதி முறை, பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ல் தொடங்கிய யூனிக்சிலிருந்து வந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கங்கள்: முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. மூன்றையும் கூட்டினால் 7. எனவே 755 என்றால் உரிமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம், மாற்ற முடியாது. 777 என்றால் வந்தவர் போனவர் எல்லாரும் எதையும் மாற்றலாம்.

‘சூடோ’ ஏன் மறுத்தது? அந்த நிரலின் கோப்பில், யார் இயக்கினாலும் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு இயங்கலாம் என்ற சிறப்புக் குறி ஒன்று உண்டு. மூன்று இலக்கங்களாக 777 என்று எழுதியபோது அந்தக் குறி அழிந்துவிட்டது. ஆக, எல்லா அனுமதியையும் அள்ளிக் கொடுத்ததில் தேவையான ஒரே அனுமதி போய்விட்டது. வேறு பல நிரல்களும் இதேபோல் நடந்துகொள்ளும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’, தன் மறைத்திறவுகோலை மற்றவர்களும் படிக்க முடியும் என்று கண்டால் அதைப் பயன்படுத்தவே மறுத்துவிடும்.

நீங்கள் கப்பல் பட்டறையில் பெர்மிட் வாங்கி வேலை செய்தவர். தொட்டிக்குள் வெல்டிங் செய்ய வேண்டும் என்றால், இன்ன தொட்டி, இன்ன வேலை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்னார் என்று எழுதிக் கையொப்பம் இட்ட பிறகுதானே இறங்குவீர்கள்? கப்பல் முழுவதற்கும், யார் வேண்டுமானாலும், எந்நேரமும் என்று ஒரு பெர்மிட்டை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் எழுதித் தரமாட்டார். ‘சூடோ’ என்பது அந்த ஒரு வேலைக்கான பெர்மிட். பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் அதை எழுதியவர்களின் நோக்கமும், முழு அதிகாரத்தின் மறைச்சொல்லை எல்லாரிடமும் கொடுக்காமல் வேலை நடக்க வேண்டும் என்பதே.

ஆயிரக்கணக்கான கோப்புகளின் பழைய இலக்கங்களை ஒவ்வொன்றாக மீட்பது நடைமுறையில் ஆகாத காரியம். உபுண்டுவை நிறுவப் பயன்படுத்திய யூஎஸ்பியிலிருந்தே கணினியைத் தொடங்கி, நிறுவாமல் பயன்படுத்திப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ‘ஹோம்’ கோப்புறையை வெளித்தட்டுக்கு நகலெடுங்கள். பிறகு உபுண்டுவைப் புதிதாக நிறுவிவிடுங்கள். நிறுவியதும், பலகைக்கான உண்மையான தீர்வு மிக எளிது: இத்தகைய பலகைகள் கணினியோடு பேசும் ‘சீரியல்’ இணைப்புகளைப் பயன்படுத்தும் உரிமை உபுண்டுவில் ‘டயல்அவுட்’ என்ற குழுவுக்கு இருக்கிறது. உங்கள் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். நுழையும் நேரத்தில்தான் குழு விவரம் புதுப்பிக்கப்படும். பலர் அதைச் செய்யாமல், குழுவில் சேர்த்தும் பலன் இல்லை என்று 777ஐத் தேடிப் போகிறார்கள். மறைச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வரவில்லை என்றால் விசைப்பலகை பழுது என்று நினைக்க வேண்டாம். மறைச்சொல்லின் நீளம்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வெகுகாலமாக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வீணை ஆசிரியை): மேக் கணினியைப் புதுப்பித்த பிறகு, இணைய வகுப்பில் சுரக்குறிப்பைப் பகிர்ந்தால் மாணவர்களுக்கு என் திரையின் பின்னணிப் படம் மட்டுமே தெரிகிறதாம்.

பதில்: 2019ல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவிலிருந்து, திரையைப் பிடிக்கும் நிரலுக்குத் தனி அனுமதி வேண்டும். ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ சென்று, ‘பிரைவசி’ பகுதியில் திரைப்பதிவு என்ற பட்டியலில் உங்கள் வகுப்பு நிரலுக்கு எதிரே உள்ள பொத்தானை இயக்குங்கள். நிரலை முழுவதும் மூடித் திறந்தால்தான் அனுமதி செல்லும். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகச் செய்துவிடுங்கள்.

கேள்வி (செங்காங் வாசகி): உயர்நிலை 2 படிக்கும் மகளின் பள்ளி மடிக்கணினியில் நாங்கள் விரும்பும் நிரலை நிறுவ முடியவில்லை. மாணவர்களுக்கான அரசின் எடுசேவ் கல்வி நிதியில் வாங்கியது, எங்கள் சொத்துதானே? கட்டுப்பாட்டு நிரலை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க முயலாதீர்கள். கணினி உங்களுடையதுதான். ஆனால் அவள் அந்தப் பள்ளியில் படிக்கும்வரை, கல்வி அமைச்சின் மின்னிலக்கக் கற்றல் திட்டத்தின்கீழ் அதில் சாதன நிர்வாக நிரல் இருக்கும். நிர்வாகி என்ற இடம் பள்ளிக்குரியது. பள்ளி நேரத்துக்குப் பிறகு கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெற்றோருக்குத் தரப்படுகிறது. அந்தப் படிவத்தை அவசரத்தில் நிரப்பியிருந்தால் பள்ளியிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நிரல் நீக்கப்படும். பிள்ளைக்கு எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதை அவளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தத் தேர்வைச் செய்வது நல்லது.

கேள்வி (அங் மோ கியோ வாசகர்): என் தந்தைக்கு 71 வயது. சென்ற மாதம், இணையச் சேவையைச் சரிசெய்பவர் என்று சொல்லி ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஏதோ ஒரு நிரலைப் பதிவிறக்கச் சொல்லி, வரும் பெட்டிக்கெல்லாம் ‘ஆம்’ கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில் சுட்டி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. இணைப்பைப் பிடுங்கினேன். அப்பாவுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. கணினியைத் தொடவே மறுக்கிறார். அவருக்கு எல்லா அனுமதியையும் நீக்கிவிடுவதுதான் வழியா?

பதில்: நீங்கள் இணைப்பைப் பிடுங்கியது மிகச் சரி. அந்தக் கணினியில் பயன்படுத்திய வங்கி, மின்னஞ்சல், சிங்பாஸ் மறைச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றிவிட்டீர்களா என்று உறுதிசெய்யுங்கள். அந்த நிரல் இருந்த கணினியை, முக்கியமான கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, புதிதாக நிறுவுவதே நல்லது.

அடுத்து, கணினியில் இரண்டு கணக்குகளை வையுங்கள். ஒன்று நிர்வாகிக் கணக்கு. அன்றாட வேலைக்கு அதில் யாரும் நுழையக் கூடாது, நீங்களும்கூட. மற்றொன்று அப்பாவுக்கான சாதாரணக் கணக்கு. நிர்வாகியாக இருப்பவருக்கு ‘ஆம்’ என்ற பொத்தான் வரும் இடத்தில் சாதாரணக் கணக்குக்கு நிர்வாகியின் மறைச்சொல் கேட்கப்படும். மோசடிக்காரர் எத்தனை அவசரப்படுத்தினாலும் அந்த இடத்தில் அப்பாவின் கை நிற்கும். இதனால் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிறுவாமலேயே இயங்கும் தொலைக்கட்டுப்பாட்டு நிரல்கள் உண்டு, அவை நிர்வாகி அனுமதி கேட்பதில்லை. அவை சாதாரண அதிகாரத்துக்குள் அடங்கியிருக்கும் என்றாலும், திரையில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தைப் பார்க்க அதுவே போதும்.

கைத்தொலைபேசியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு உதவுவதற்காக வைத்திருக்கும் ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி, திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாக அழுத்தவும் ஒரு செயலிக்கு இடம் கொடுக்கிறது. இங்கே பலருடைய வங்கிக் கணக்குகளைக் காலிசெய்த போலிச் செயலிகள் அந்த அனுமதியைத்தான் கேட்டு வாங்கின. இதனால்தான் 2024 பிப்ரவரியில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து கூகல் ஒரு முன்னோட்டத்தை இங்கே தொடங்கியது: உலாவி, குறுஞ்செய்தி வழியாகப் பதிவிறக்கிய செயலி, குறுஞ்செய்திகளைப் படிப்பது, அக்சஸிபிலிட்டி போன்ற அனுமதிகளைக் கேட்பதாக இருந்தால், நிறுவும்போதே தானாகத் தடுக்கப்படும். ‘பிளே புரொடெக்ட்’ என்ற அந்தப் பாதுகாப்பு அப்பாவின் தொலைபேசியில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை முதலில் அணைக்கச் சொல்லும் எந்த அழைப்பும் மோசடிதான். ஐயம் வந்தால் கேட்பதற்கு 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணையும் அவர் தொலைபேசியில் பதிந்துவையுங்கள்.

நீங்கள் கேட்டது அனுமதியை நீக்குவது பற்றி. அப்பாவிடம் இதை அப்படிச் சொல்லாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இரண்டு கணக்குகளையும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே உருவாக்குங்கள். நிர்வாகிக் கணக்கின் மறைச்சொல்லை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தாளில் எழுதி, உறையில் இட்டு, உங்களிடம் கொடுக்கட்டும். நீங்களும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். மறைச்சொல் கேட்கும் பெட்டி வந்தால் உங்களை அழைக்கும்படி சொல்லுங்கள், தொலைபேசியில் வேறு யாரும் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு, அவர் கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்லிவிடுங்கள், கணினி அவருடையது.